தண்டலுக்குச் சஹனில் இடமில்லை

அத்தியாயம் 11

நல்ல சேதியை முதலாளி தன் வாயாலேயே சொன்னால் அதை அப்படியே நம்புகிறவன் மடையன். முதலாளிமார் எதையும் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லித்தான் அனுப்புவார்கள். ஆளைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்துச் சொன்னார் என்றால் அந்தக் காப்பியில் சீனியோடு வேறு என்னமோ கலந்திருக்கிறது.

நூர் முகம்மது விடிந்து எழுந்ததிலிருந்து இதைத்தான் மென்றுகொண்டிருந்தார்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மரைக்காயர் ஆபீசில் நடந்தது இவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் கப்பல்மேல் நின்று கை காட்டியது போதும், இனிமேல் கரையில் நின்று ஆளை வேலை வாங்கு, அலாவுதீன் இருந்த தண்டல் இடம் உனக்கு என்றார் மரைக்காயர். இன்றைக்கு மஃரிபு தொழுகைக்குள் பதில் சொல்லச் சொன்னார். நூர் முகம்மது காப்பியைப் பாதி குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

கை காட்டுகிற வேலை என்னவென்று கப்பலில் ஏறாதவர்களுக்குத் தெரியாது. சரக்கறை ஒரு பெரிய கிணறு. சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச்சு ஓட்டுகிறவனுக்குக் கிணற்றின் அடி தெரியாது. அடியில் நிற்கிறவனுக்கு வின்ச்சு தெரியாது. நடுவில், கிணற்று வாய் ஓரத்தில் ஒருத்தன் நின்று கீழே பார்த்து மேலே கை காட்டுவான். உள்ளங்கை கீழே போனால் சரக்கு இறங்கும். முஷ்டி மடக்கினால் நிற்கும். கீழே இருக்கிறவன் உயிர் அந்த ஒரு கையில்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இரும்புத் தகட்டுக் கட்டு ஒன்று இறங்கி, அடியில் நின்ற அய்யாக்கண்ணுவின் வலது காலை முறித்துப்போட்டது. சங்கிலி வழுக்கிவிட்டது என்று வின்ச்சு ஓட்டும் அப்துல் அஜீஸ் கத்தினான். எல்லாரும் அதையே சொன்னார்கள். மரைக்காயர் விசாரித்தபோது நூர் முகம்மதுவும் அதையே சொன்னார். சங்கிலிக்கும் கொக்கிக்கும் கயிற்றுக்கும் பொறுப்பு தண்டல். மறுநாளே அலாவுதீனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை. தப்பு செய்தவன்தான் வாயை மூடிக்கொண்டு போவான் என்று நூர் முகம்மது அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

இப்போது அந்த இடத்துக்கு இவரைக் கூப்பிடுகிறார்கள். எத்தனையோ பேர் இருக்க, கையெழுத்துப் போடத் தெரியாத இவரை.

சூலியா தெருவுக்குப் பின்னால் இருந்த சந்து வீட்டில் அன்றைக்குக் காலையிலேயே ஆட்டுக்கறி ஆணம் மணத்தது. ஹபீபா பீவி ரொட்டியைப் பிய்த்து ஆணம் ஊற்றி முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கு என்ன பெருநாளா?" என்றார்.

"ஏன், ஆட்டுக்கறி பெருநாளைக்குத்தான் தின்னணுமா? பசியாறுங்க."

முப்பது வருஷமாகப் பார்த்த முகம். அந்த முகத்தில் ஒரு சந்தோஷம் ஒளிந்திருப்பதை அவர் கண்டுகொண்டார். நேற்று இவர் வந்து சொன்னபோதும் அவள் ஆச்சரியப்படவில்லை. அல்லாஹ் போதுமானவன் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். முன்னாலேயே தெரிந்தவள் மாதிரி.

தெரிந்திருக்கத்தான் செய்யும். அவள் தம்பி அப்துல் ஹமீதுதான் மரைக்காயர் ஆபீசில் கிராணி. இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன். கழுத்தில் டை கட்டுவான். வாரம் இரண்டு முறை லாத்தாவைப் பார்க்க வருவான், இவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

"ஹமீது வந்தானா?"

"அவன் எதுக்கு வாறான் இப்போ?"

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்கிறவர்களை நூர் முகம்மது நம்புவதில்லை. ரொட்டியைத் தின்றார். நன்றாகத்தான் இருந்தது. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

"கோட்டு எடுத்து வச்சிருக்கேன். சாயங்காலம் ஆபீசுக்குப் போறப்போ போட்டுக்குங்க," என்றாள்.

"போவேன்னு யார் சொன்னது?"

ஹபீபா பீவி கையைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். என்னமோ சொல்ல வந்து விழுங்கினாள்.

*

கப்பல் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டிருந்தது. பக்கத்தில் சரக்கு ஏற்றும் தொங்கான் படகுகள் ஒட்டி நின்றன. எதிர்க்கரையில், ரயில் பட்டறை இருக்கும் பிறை ஊர்ப் பக்கம் ஒரே புகைமூட்டமாக இருந்தது. இரண்டு மூன்று மாதமாகவே அப்படித்தான். ரயில்காரன் நாளுக்கு நாள் கூடுதலாகக் கரி எரிக்கிறான் என்று நூர் முகம்மது நினைத்துக்கொண்டார்.

சரக்கறை வாயில் நின்று கீழே பார்த்தார். உள்ளங்கையை இறக்கினார். சரக்கு இறங்கவில்லை. மறுபடியும் காட்டினார். கொஞ்சம் கழித்து இறங்கியது.

வின்ச்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்துல் அஜீஸ் வின்ச்சுக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். அவன் கண் இவர் கையில் இல்லை. இவர் தோளுக்கு மேலாக எங்கேயோ போனது. சட்டென்று பின்னால் திரும்பினார். சுலைமான் நின்றுகொண்டிருந்தான். அவன் கை பாதி தூக்கியபடி இருந்தது. அப்படியே பிடரியைச் சொறிய ஆரம்பித்தான்.

"உனக்கு இங்கே என்ன வேலை?"

"காத்து வாங்க வந்தேன் நானா."

கீழே வேலை செய்கிறவன் மேலே வந்து காற்று வாங்குகிறான். நூர் முகம்மது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சரக்கின்போதும் பின்பக்கம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டார். கையைக் காட்டினார். வின்ச்சு நகர்வதற்குள் ஒரு மூச்சு இழுத்து விடலாம். அந்த ஒரு மூச்சில் அஜீஸ் வேறு யாரையோ கேட்டுக்கொள்கிறான். மரைக்காயர் ஆள் வைத்துத் தன்னை ஒதுக்குகிறார், இவன்களும் கூட்டு என்று அவருக்குப் பட்டது. வேலையை விட்டுத் தூக்கினால் சத்தம் போடுவான், மேலே ஏற்றிவிட்டால் போடமாட்டான் என்ற கணக்கு.

மத்தியானம் கரையிலிருந்து சோறு கொண்டுவரும் சம்பான் படகு வந்தது. தொங்கானில் பாய் விரித்து, பெரிய சஹன் தட்டில் சோற்றைக் கொட்டி நடுவில் மீன் ஆணத்தை ஊற்றுவார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் கை வைத்துத் தின்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதில், தொழும் திசையான கிப்லா பக்கத்து இடம் நூர் முகம்மதுவுக்கு. அவர் பிஸ்மி சொல்லிக் கை வைத்தால்தான் மற்றவர்கள் வைப்பார்கள்.

இன்றைக்கு அவர் கை கழுவி வருவதற்குள் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இடம் விட்டு உட்காரவில்லை. நெருங்கி உட்கார்ந்து வட்டத்தை மூடிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பலகைமேல் பீங்கான் தட்டில் தனியாகச் சோறு. மீனின் நடுத்துண்டு அதில் இருந்தது.

தண்டல் சஹனில் உட்காரக் கூடாது. கூலிக்காரர்களோடு ஒரு தட்டில் தின்றால் நாளைக்கு ஒருத்தனை அதட்ட வாய் வராது, ஒருத்தனுக்குச் சலுகை காட்டத் தோன்றும். பெரியவர்கள் காலத்திலிருந்து துறைமுகத்தில் உள்ள வழக்கம் அது. அலாவுதீனும் இப்படித்தான் தனியாகத் தின்றார்.

ஆனால் நூர் முகம்மது இன்னும் தண்டல் ஆகவில்லை. ஆவேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மனைவியைத் தவிர ஒருத்தரிடமும் பேச்சே எடுக்கவில்லை.

"யார்டா சொன்னது உங்களுக்கு?"

கரையில் எல்லாருக்கும் தெரியும் என்று அஜீஸ் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மற்ற நாலு பேரும் கறிவேப்பிலையை எடுத்துப் போடுவதில் மும்முரமாக இருந்தார்கள். சுலைமான் மட்டும் முணுமுணுத்தான்: "நடுத்துண்டு உங்களுக்குத்தான் வச்சோம் நானா."

"நடுத்துண்டை நீயே முழுங்கு."

தட்டைத் தொடவில்லை. அய்யாக்கண்ணுவைப் பார்த்துவிட்டு வருகிறேன், திரும்ப நேரமாகும் என்று சொன்னார். கை காட்ட ஆள் இல்லாமல் போகிறதே என்று ஒருத்தனாவது கேட்பான் என்று எதிர்பார்த்தார்.

"போய்ட்டு வாங்க நானா, நாங்க பாத்துக்குவோம்லா," என்றான் அஜீஸ். ரொம்பச் சீக்கிரமாகச் சொன்னான்.

*

சோற்றுச் சம்பான்காரன் அவரை அய்யாக்கண்ணு குடியிருக்கும் பாகான் டாலாம் கரையில் இறக்கிவிட்டான். அய்யாக்கண்ணு வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். காலில் மரச்சட்டம் வைத்துக் கட்டியிருந்தது. அவன் சம்சாரம் முக்காலியை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். முகம் கொடுத்துப் பேசவில்லை.

கட்டிலில் கிடக்கிறவனுக்கு யார் தயவும் வேண்டியதில்லை, அதனால் உண்மை பேசுவான் என்று நினைத்துத்தான் நூர் முகம்மது வந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார். பின்னால் ஆள் நின்று கை காட்டுகிறான்கள். தட்டைத் தனியாக வைக்கிறான்கள். என்ன நடக்கிறது?

அய்யாக்கண்ணு கட்டிலில் கையூன்றி நிமிர்ந்தான். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, அண்ணே இது எத்தனை என்று கேட்டான்.

"விளையாடுறியா?"

"வலது கண்ணைப் பொத்திக்கிட்டுச் சொல்லுங்க."

நூர் முகம்மது பொத்தினார். கயிற்றுக் கட்டில் இருந்தது. அதன்மேல் ஒரு கறுப்பு உருவம் இருந்தது. கை எங்கே என்று தெரியவில்லை. பால் கலந்த தண்ணீருக்குள் பார்ப்பது மாதிரி எல்லாம் வெளிறிக் கிடந்தது. கையை எடுத்தார். வலது கண்ணில் விரல் தெரிந்தது, ஆனால் ஓரம் கலங்கித் தெரிந்தது.

இத்தனை நாளும் பிறைப் புகை என்று நினைத்தது வெளியில் இல்லை.

அய்யாக்கண்ணு மெதுவாகச் சொன்னான். இரண்டு மாதமாகவே ஆள்களுக்குத் தெரியுமாம். மூத்தவர், நேரில் சொன்னால் உடைந்துபோவார் என்று முறை வைத்துக்கொண்டு ஒருத்தன் பின்னால் நின்றிருக்கிறான். அன்றைக்கு முறை சுலைமானுடையது. லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போயிருந்தான். கட்டு இறங்கும்போது அய்யாக்கண்ணு கீழே நின்று தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டிக் காட்டினான். ஆள் நிற்கிறேன், இறக்காதே என்று அர்த்தம். சிவப்புத் துண்டு. கண்ணுள்ளவனுக்கு அரை மைலில் தெரியும்.

"உங்க கை கீழே போச்சுண்ணே. நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

"சங்கிலி வழுக்கலையா?"

"வழுக்கலை."

நூர் முகம்மது முக்காலியை முன்னுக்கு இழுத்தார். அப்படியானால் அலாவுதீன் ஏன் வாயை மூடிக்கொண்டு போனார் என்று கேட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே அலாவுதீன் இந்த வாசலில் வந்து உட்கார்ந்தாராம். அஜீஸ் சங்கிலி என்று சொல்லிவிட்டான், அது அப்படியே இருக்கட்டும் என்றாராம். சரக்குக் கிட்டங்கியில் கிடக்கும் பெரிய சங்கிலி நிஜமாகவே தேய்ந்துவிட்டது, மாற்றச் சொல்லி நாலு மாதமாகக் கேட்கிறேன், முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை, இந்தச் சாக்கிலாவது புதுசு வரும் என்றாராம். நூர் முகம்மதுவின் மானமும் பிழைக்கும், சங்கிலியும் மாறும்.

"அவர் சங்கிலியை மாத்துவாங்கன்னு நெனச்சார். அவங்க தண்டலை மாத்திட்டாங்க," என்றான் அய்யாக்கண்ணு.

தன்னைக் காப்பாற்றப் போய் வேலை இழந்தவரைத்தான் பன்னிரண்டு நாளாகக் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தார் நூர் முகம்மது. அலாவுதீன் இப்போது எங்கே என்று கேட்டதற்கு, புக்கிட் மெர்தாஜாமில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார் என்று யாரோ சொன்னதாகச் சொன்னான்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, அலாவுதீனுக்கு, சஹன்ல உக்காருற அஞ்சு பேருக்கு. என் சம்சாரத்துக்குத் தெரியும். அவ துறைமுகத்துப் பக்கம் வாறதில்லை. வெளியில சொல்றதில்லைன்னு அஞ்சு பேரும் சோத்துமேல சத்தியம் பண்ணியிருக்காங்க."

நூர் முகம்மது எழுந்தார். அய்யாக்கண்ணுவின் நல்ல காலைத் தொட்டார். அவன் காலை இழுத்துக்கொண்டு, என்னண்ணே இது என்று சங்கடப்பட்டான். உள்ளேயிருந்து அவன் சம்சாரம், பெரியவருக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கட்டுமா என்று முதல் தடவையாகப் பேசினாள்.

சம்பானில் திரும்பும்போது யோசித்தார். இனிமேல் சரக்கறை வாயில் நிற்க முடியாது. அது முடிந்துபோன பேச்சு. தண்டல் வேலை வேண்டாமென்றால் வீட்டில் உட்காரலாம். ஆனால் அந்த இடம் காலியாக இருக்காது. முதலாளி சொன்ன இடத்தில் கைநாட்டு வைக்கிற எவனாவது ஒருத்தன் நாளைக்கு வருவான். அந்தச் சங்கிலி அப்படியே கப்பலுக்கு ஏறும். அடியில் இன்னொரு அய்யாக்கண்ணு நிற்பான்.

*

மரைக்காயர் ஆபீஸ் கடற்கரைத் தெருவில் இருந்தது. நூர் முகம்மது வீட்டுக்குப் போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் அங்கே போனார். இன்றைக்கும் நாற்காலி போட்டார்கள். காப்பி வரவில்லை.

மேசைமேல் இரண்டு காகிதம் இருந்தன. அப்துல் ஹமீது பக்கத்தில் நின்று வாசித்துச் சொன்னான். முதல் காகிதத்தில், நாளையிலிருந்து நூர் முகம்மது தண்டல் என்று இருந்தது. இரண்டாவதில், சங்கிலி கொக்கி கயிறு எல்லாவற்றையும் தான் பார்த்ததாகவும் எல்லாம் நல்ல நிலையில் இருப்பதாகவும் தண்டல் சொல்வதாக இருந்தது. நாளைக் காலையில் பிறை ரயில் பட்டறைக்கு ஆறு பாய்லர் வருகிறது. பெரிய சங்கிலியில்தான் இறக்க வேண்டும்.

ஹமீது மைப்பெட்டியைத் திறந்து முன்னால் தள்ளினான். இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் சங்கிலியைப் பாக்கவே இல்லையே," என்றார் நூர் முகம்மது.

மரைக்காயர் சிரித்தார். கோபப்படாத முதலாளி சிரிக்கும் சிரிப்பு. "நீ பாத்து என்ன ஆகப்போகுது, நூர் முகம்மது? உன் கண்ணு எப்படின்னு எனக்குத் தெரியாதா?"

வெளியே டிராம் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

மரைக்காயர் நிதானமாகச் சொன்னார். அய்யாக்கண்ணு கால் சங்கிலியால் முறியவில்லை, உன் கையால் முறிந்தது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் உனக்கு இடம் கொடுக்கிறேன். சங்கிலி மேல் தப்பில்லை என்பதற்கு உன் கையே சாட்சி. அப்புறம் விரல் வைக்க என்ன தயக்கம்?

இப்போதுதான் நூர் முகம்மதுவுக்கு அந்தக் காப்பியின் அர்த்தம் விளங்கியது. நல்ல ஆளைத் தண்டலாக வைத்தால் அவன் முடியாது என்பான். அலாவுதீன் சொன்ன மாதிரி. குடுமி கையில் இருக்கிற ஆளாகப் பார்த்து வைத்தால் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவான்.

"யார் சொன்னது உங்களுக்கு?"

"யார் சொன்னா என்ன? உன் வீட்டு ஆளுங்கதான்."

ஹமீதின் கழுத்து டைக்குள் இறங்கியது.

நூர் முகம்மது கட்டை விரலை மையில் வைத்தார். முதல் காகிதத்தில் எங்கே வைக்க வேண்டும் என்று ஹமீதைக் கேட்டு, அங்கே அழுத்தினார். ஹமீது இரண்டாவதை நகர்த்தினான். நூர் முகம்மது விரலைத் தூக்கி, ஹபீபா பீவி எடுத்து வைத்த கோட்டின் மார்பில் அழுத்தித் துடைத்தார். வெள்ளைக் கோட்டு.

"என் கை தப்புனது நெசம். சங்கிலி தேஞ்சதும் நெசம். ரெண்டும் வேற வேற."

நாளைக் காலையில் சங்கிலி படகில் ஏறுவதற்கு முன்னால் கண்ணுள்ள ஐந்து பேரை வைத்து வளையம் வளையமாகப் பார்க்கப்போவதாகச் சொன்னார். அவர்கள் சரியில்லை என்றால் பாய்லர் கப்பலிலேயே கிடக்கும். சரி என்றால் அங்கேயே விரல் வைப்பார்.

"அலாவுதீன் இப்படித்தான் ஆரம்பிச்சான்," என்றார் மரைக்காயர்.

"அவரையும் போய்ப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

*

மஃரிபு தொழுதுவிட்டு வீட்டுக்கு வரும்போது மனசுக்குள் ஒரே கொதிப்பு. ஹபீபா பீவி கோட்டைப் பார்த்தாள். மைக்கறையைப் பார்த்தாள்.

"தம்பிகிட்ட என்னத்தைச் சொன்ன?" என்று கேட்டார்.

அவள் மறைக்கவில்லை. காலையில் விழுங்கியதை இப்போது சொன்னாள். போன மாதம் கொடியில் காய்ந்த ஹமீதின் சட்டைக்கு இவர் சலாம் சொன்னாராம். பதில் வராததால் மரியாதை தெரியாத பயல் என்று திட்டிவிட்டு உள்ளே போனாராம். அன்றைக்கே தெரிந்துவிட்டது அவளுக்கு. கேட்டால் சண்டைக்கு வருவீர்கள், கப்பலிலிருந்து விழுந்து சாவதைவிடக் கரையில் ஒரு வேலை கிடைக்கட்டும் என்றுதான் தம்பியிடம் அழுதாளாம்.

"அழுது, நான் அய்யாக்கண்ணு காலை ஒடிச்சதையும் சொல்லிட்ட. இப்ப என் கழுத்துல கயிறு போட்டுட்டாங்க."

ஹபீபா பீவி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"யா அல்லாஹ்... அது நீங்களா?"

நூர் முகம்மது அவள் முகத்துக்குப் பக்கத்தில் போய் வலது கண்ணால் பார்த்தார். நடிப்பு இல்லை. இவர் சொல்லித்தான் அவளுக்கு இப்போது தெரிகிறது. கண் போனதை மட்டும்தான் அவள் சொல்லியிருக்கிறாள். கை தப்பியதைச் சொன்னது வேறு ஆள்.

அய்யாக்கண்ணு கட்டிலில் கிடக்கிறான், அவன் சம்சாரம் துறைமுகத்துப் பக்கம் வருவதில்லை. அலாவுதீன் சொல்லியிருந்தால் அவர் வேலையே போயிருக்காது. மிச்சம் ஐந்து பேர். தட்டைத் தனியாக வைத்த ஐந்து பேர். நாளைக்குச் சங்கிலி பார்க்க இவரே பொறுக்கிவிட்டு வந்த ஐந்து பேர்.

ஹபீபா பீவி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் சலாம் சொல்லும் சத்தம் கேட்டது. குரலை வைத்தே தெரிந்தது. அப்துல் அஜீஸ்.

உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடி மத்தியானம் சாப்பிடாமல் போனது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது என்றான். அய்யாக்கண்ணுவை விசாரித்தான். பிறகு சொன்னான்:

"காலையில அந்தச் சங்கிலியை நானே பாத்துடறேன் நானா. அஞ்சு பேர் எதுக்கு, நேரந்தான் போகும். நான் பாத்துச் சொன்னா நீங்க விரலை வைங்க."

நூர் முகம்மது மனசுக்குள் கணக்குப் பார்த்தார். ஐந்து பேர் என்று இவர் சொன்னது ஆபீசுக்குள். கேட்டது மரைக்காயரும் ஹமீதும். ஆபீசிலிருந்து நேராகப் பள்ளிவாசலுக்குப் போய் அங்கிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். வழியில் ஒருத்தரிடமும் பேசவில்லை.

முதலில் சங்கிலி என்று கத்தியதும் இவன்தான்.

"நல்லது. நீயே பாரு," என்றார். "நீ நல்லாருக்குன்னு சொன்னா நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். வின்ச்சுக்கு நாளைக்கு சுலைமான்."

"சுலைமானா? அப்போ நான்?"

"நீ சரக்கறையில, அடியில நிக்கணும். பாய்லர் தூக்குறப்போ ஆறு தடவையும் சங்கிலிக்கு நேர் கீழே."

அஜீஸ் சிரிக்கப் பார்த்தான். "நான் வின்ச்சுக்காரன் நானா. பதினாலு வருஷமா."

"இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நான் கை காட்டுறவன்," என்றார் நூர் முகம்மது. "தண்டல் சொல்றேன். சங்கிலி நல்லாருக்கா, இல்லையா? இப்பவே யோசிச்சுச் சொல்லு."

விளக்கு வெளிச்சம் வாசல் வரைக்கும் வந்தது. இருந்தாலும் அஜீஸின் முகம் எப்படிப் போகிறது என்று அவரால் சரியாகப் பார்க்க முடியவில்லை. ஹபீபா பீவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அஜீஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.